சடையனுக்கு ஏழு காசு

முன்னொரு காலத்தில் ஏரிமங்கலம் என்றொரு சீமையை நல்லுதயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் தான் போட்ட உத்தரவை மாலையில் மறந்துவிட்டு, இதை யார் போட்டது என்று கோபித்துக்கொள்வான்.

ஒரு சித்திரையில் அவனுக்கு ஏரிக்காற்று ரொம்பப் பிடித்துப்போனது. குடிமக்களும் அனுபவிக்கட்டும் என்று பத்து உல்லாசப் படகுகளைக் கட்டி, பந்தல் போட்டு, நாள் வாடகைக்கு விட்டான். படகுக்கு மூன்று வெள்ளிக்காசு. பலர் சேர்ந்து ஏறினால் இடத்துக்குச் சண்டை வருமே? அதிகம் கட்டியவருக்கே முன்னிருக்கை, இந்த ஏரியில் ஓடும் எந்தப் படகானாலும் இதுவே முறை என்று கல்லில் வெட்டித் துறையில் நட்டான்.

துறைக்கு அதிகாரி சிங்கநாதர். ராஜாவுக்குப் பக்கத்தில் உட்காருவது ஒன்றுதான் அவருக்கு ஆசை. வேறு யாரையாவது பார்த்து ராஜா சிரித்துவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

அந்தத் துறைக்கு ஒருநாள் காலையில் உப்பு விற்கும் செவந்தி வந்தாள். கூடவே புருஷன் காத்தான், நாய் சடையன். பத்து வருஷமாக அவர்கள் உப்பு வண்டிக்குக் கீழேயே ஓடி வந்த நாய். போன மழைக்காலத்தில் பின்னங்கால் ஒன்று நொண்டியாகிவிட்டது. மூன்று பேரும் நடக்காமல் ஒரு நாள் முழுக்க இருக்கவேண்டும் என்பது செவந்தியின் ஆசை. அதற்காகத்தான் வருஷம் பூராவும் சேர்த்து மூன்று காசு கொண்டுவந்திருந்தாள்.

காசை வாங்கிக்கொண்ட சிங்கநாதர் நாயைப் பார்த்தார். இதற்குத் தனி என்றார். கால் நான்குக்கு நான்கு காசு, வாலுக்கு ஒன்று, முடி உதிர்வதற்கு ஒன்று, குரைப்பதற்கு ஒன்று. ஆக ஏழு.

ஒரு கால் நொண்டியாயிற்றே என்றாள் செவந்தி. நொண்டிக் காலும் படகில்தானே வருகிறது என்றார் அவர். இது கல்லில் இல்லையே என்று அவள் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூவரையும், துறைக்கு வந்திருந்த ராஜாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அன்றைக்கு ராஜாவுக்குக் கொடுத்த மாம்பழச்சாறு புளித்திருந்தது. ஏழு காசா, ஒருவேளை நான்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, கட்டு, கட்டாவிட்டால் நாய் அரண்மனை லாயத்தில் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டான்.

செவந்தி கீழே பார்த்தாள். சடையன் அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தான். அவள் ஏழு காசுக்கு ஈடாகக் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். எது எதற்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தரச்சொன்னாள். ராஜாவோடு வந்திருந்த அரண்மனைக் கணக்கர் எழுதித் தந்தார்.

இதற்குள் பத்துப் படகும் போய்விட்டன. ராஜாவின் படகு மட்டும் நின்றது. அதற்குள் ராஜாவுக்கு வேறு சாறு வந்து மனசும் மாறியிருந்தது. என் படகிலேயே வாருங்கள், பின்னால் இடமிருக்கிறது என்றான்.

சிங்கநாதர் முதலில் ஏறி, முன்னிருக்கையான ராஜாவின் பக்கத்து மெத்தையில் அமர்ந்தார். செவந்தி கரையிலேயே நின்றாள்.

"மகாராசா, இந்தக் கல்லுல வெட்டியிருக்கிறது உங்க படகுக்கும் உண்டுங்களா?"

"என் வாக்கு எனக்கும் சேர்த்துத்தான்," என்றான் ராஜா.

அவள் ஓலையை நீட்டினாள். படகில் ஏறியிருந்த கணக்கர் வாசித்தார். உப்புக்காரர்கள் மூன்று காசு. சடையன் ஏழு காசு. சிங்கநாதர் ஒன்றுமில்லை. ராஜா கல்லைப் பார்த்தான். தன் ஆசனத்தை யாரும் கேட்கவில்லை என்பதில் அவனுக்கு நிம்மதி. சிங்கநாதர் எழுந்து, தண்ணீர் இறைக்கும் சட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சடையன் மெத்தையில் ஏறிக்கொண்டான்.

நடு ஏரியில் ராஜா, நாரையைப் பற்றித் தான் கட்டிய பாட்டைப் பாட ஆரம்பித்தான். நிஜமாகவே ஒரு நாரை பறந்தது. சடையன் குரைத்தான். ராஜா மறுபடி தொடங்கினான். நாரைகளுக்கு அந்த ஏரியில் பஞ்சமில்லை. சிங்கநாதர் எழுந்து நாயை அதட்டப் போனார். குரைப்புக்கு ஒரு காசு வரவாகியிருக்கிறது என்று கணக்கர் நினைவுபடுத்தினார். வால் ஆடி மாம்பழச்சாற்றைத் தட்டிவிட்டது, வாலுக்கும் வரவாகியிருந்தது. ராஜாவின் பட்டெல்லாம் முடி. காத்தான் பயந்துபோய்ப் பெண்டாட்டியின் கையைப் பிடித்தான். 

"இதை நிறுத்த வழியே இல்லையா?" என்றான் ராஜா.

"இருக்குங்க மகாராசா. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துட்டா அவன் வெறும் நாய். சும்மா இருன்னு நான் சொன்னா இருப்பான். காசு கட்டின பிரயாணியை அதட்ட எனக்கு என்ன உரிமை?"

தோடு அங்கேயே அவள் கைக்கு வந்தது. அவள் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். சடையன் இறங்கி வந்து அவள் காலடியில் சுருண்டுகொண்டான்.

ராஜா சட்டிப் பக்கம் திரும்பினான். "இந்தக் கட்டணத்தை நானா போட்டேன்?"

"இல்லை மன்னா. எனக்குத் தோன்றியது."

"எனக்குத் தோன்றுவதே இந்த நாட்டுக்குப் போதும்," என்றான் ராஜா.

படகிலேயே இரண்டு உத்தரவு போட்டான். ஏரியில் நாய்களுக்குக் கட்டணம் கிடையாது. படகில் ஏற முடியாத நாய்களைச் சிங்கநாதர் தன் கையால் தூக்கி ஏற்றி இறக்கவேண்டும். செவந்தியைச் சபைக்கு வந்து யோசனை சொல்லும்படியும் கேட்டான். வாரம் ஒருநாள் வருகிறேன், மற்ற நாளில் உப்பு விற்கவேண்டும் என்றாள் அவள். ராஜாவும் சரி என்றான். இந்த மூன்றையும் அவன் மறக்காமலிருக்கக் கணக்கர் உடனே எழுதிக்கொண்டார்.

மீதிப் பொழுதெல்லாம் மூவரும் பந்தல் நிழலில் ஒன்றும் செய்யாமல் கிடந்தார்கள். காத்தான் குறட்டைகூட விட்டான்.

வெயில் சாயும்போது படகு கரைக்கு வந்தது. சிங்கநாதர் குனிந்து சடையனை இரண்டு கையாலும் தூக்கினார். சடையன் அவர் முகத்தைத் தாடையிலிருந்து நெற்றிவரை பொறுமையாக நக்கினான்.

"இதற்கு ஏதாவது கட்டணம் உண்டா?" என்று ராஜா விசாரித்தான்.

"கிடையாது மன்னா," என்றார் சிங்கநாதர்.