தவளைக்கு மூச்சு விட இடமில்லாத பாட்டு

புங்கமடுக் காட்டில் ஓர் இசைப் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே மையழகி என்ற கரிச்சான் குருவி இசையமைப்பு படித்துவந்தது.

கரிச்சானுக்கு யார் குரலையும் அப்படியே எடுக்க வரும். பருந்துபோல் கத்தி அணில்களை ஓட வைக்கும். தவளைபோல் கத்திக் கொக்கை ஏமாற்றும். மற்ற மாணவர்கள் ஒரு பாட்டெழுத நாள்கணக்கில் அலைவார்கள். மையழகி இருந்த கிளையை விட்டு அசையாது. எல்லாக் குரலையும் தானே பாடிப் பார்க்கும். சரியென்று பட்டால் தேக்கிலையில் அலகால் கீறி வைக்கும். திறமைசாலிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தன் திறமையைப் பார்த்துத் தானே மயங்கிக் கிடந்தது.

அதன் வகுப்புத் தோழன் வேலப்பன் என்ற ஓணான். ஓணானுக்குப் பாடக் குரல் ஏது? தலையை ஆட்டுவதோடு சரி. அதனால் யாருக்குப் பாட்டெழுத வேண்டுமோ அவருக்குப் பக்கத்தில் போய் நாலு நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

"வேலப்பா, நீ பாட்டெழுதுறியா, ஈ பிடிக்கிறியா?" என்று மையழகி கேலி செய்யும். ஓணான் அதற்கும் தலையை ஆட்டும்.

இறுதித் தேர்வு வந்தது. தேர்வுக்கு ஒரே விதிதான். மாணவர் எழுதிய பாட்டைக் காட்டுப் பிராணிகள் சேர்ந்து சபையில் முழுதாகப் பாட வேண்டும். நடுவில் நின்றுபோனால் அந்த மாணவர் இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார வேண்டியதுதான்.

மையழகியின் பாட்டுக்கு முந்தின நாள் ஒத்திகை நடந்தது. குளத்துத் தவளை தொந்தியப்பன் தன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ஏம்மா, முதல் கோட்டுலேர்ந்து கடைசிக் கோடுவரை ஒரே இழுப்பா இழுக்கணுமா? நான் எங்க மூச்சு விடுறது?"

"நீங்கதான் அடியில சுருதி மாதிரி நிக்கணும். நடுவுல விட்டா பாட்டு ஓட்டையாயிடும்."

"ஒரே ஒரு இடம் குடும்மா, போதும்."

"எனக்கு வருதே! இதோ கேளுங்க" என்று மையழகி தவளைக் குரலில் கத்திக் காட்டியது. தவளையை உரித்து வைத்ததுபோல் இருந்தது. தொந்தியப்பனே ஒரு நிமிஷம் அசந்துவிட்டது.

"அது முதல் கோடு மட்டும்தானே. மீதிப் பதினொரு கோடு?"

மரங்கொத்தியும் வாயைத் திறந்தது. "எனக்கும் விடாம இருநூறு கொத்து போட்டிருக்கு. தலை சுத்துமே."

"என் தலை சுத்தலையே" என்றது மையழகி. அது கொத்திப் பார்த்தது பத்துக் கொத்துதான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை குளக்கரையில் சபை கூடியது. துறைத் தலைவர் எருமை முன்வரிசையில் படுத்திருந்தது. மையழகியின் பாட்டு அருமையாகத்தான் தொடங்கியது. காடே காது கொடுத்துக் கேட்டது. நாலாம் கோட்டில் தொந்தியப்பனின் கண்கள் பிதுங்கின. ஆறாம் கோட்டில் அது மல்லாந்து தண்ணீரில் விழுந்தது. அதைத் தூக்கிவிட மரங்கொத்தி ஓடியது. பாட்டு நின்றுபோனது.

 ஒரு வருடப் படிப்பு போய்விடுமே! மையழகி சட்டென்று கீழே பறந்து வந்து தவளைக் குரலைத் தானே பிடித்தது. உடனே மரத்துக்குத் தாவிக் கொத்தியது. தவளைக் குரல் அறுந்தது. மறுபடி தவளைக்கு வந்தது, கொத்து நின்றது. இப்படி அங்கும் இங்கும் தாவுவதைப் பார்த்துச் சபை வயிறு குலுங்கச் சிரித்தது. குரங்குகள் கைதட்டி இன்னொரு முறை செய்யும்படி கேட்டன.

எருமை எழுந்து நின்றது. "பலகுரல் நல்லா இருந்துச்சு. பாட்டுதான் நின்னுபோச்சு. அடுத்த வருஷம் வாம்மா."

மையழகிக்கு அழுகை முட்டியது. எங்காவது பறந்து போய்விடலாம் என்று பார்த்தது. ஆனால் அடுத்தது வேலப்பனின் பாட்டு. அதில் முதல் குரலே மையழகிக்குத்தான். ஒத்திகைக்கு அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓணான் எழுதியதற்கு ஒத்திகை வேறா என்று இருந்துவிட்டது.

"நீ போயிட்டா அவனும் தேறமாட்டான். வந்து நில்லு" என்றது தொந்தியப்பன். அதன் குரல் கரகரத்தது.

மையழகி வந்து நின்றது. இலையைப் பார்த்துப் பாடத் தொடங்கியது.  மூச்சு தீரப்போகும் நேரத்தில் இலையில் ஒரு வெற்றிடம் வந்தது. அங்கே தவளை மெல்ல இரண்டு முறை கத்தியது. மையழகி நன்றாக மூச்சிழுத்துக்கொண்டது. மறுபடி பாடியது. மறுபடி மூச்சு தீரும் இடத்தில் இன்னொரு வெற்றிடம். பாட்டு முழுக்க அப்படியே இருந்தது. ஓரிடத்தில்கூடத் தவறவில்லை. பாட்டு முழுதாக முடிந்தது, ஓணான் தேறிவிட்டது.

மையழகி நேராக அதனிடம் போனது.

"எனக்கு எங்க மூச்சு தீரும்னு உன்கிட்ட நான் சொல்லவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?"

"நீ என்னைக் கேலி பண்றப்ப எல்லாம் மூச்சு விடாமதான் பேசுவே. எங்க நிறுத்துறேன்னு எதிர்க்கிளையிலிருந்து எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றது ஓணான். அதன் குரலில் கோபம் இல்லை. மையழகிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓணானின் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீரோரம் போனது.

"தப்பு என்மேலதான். உங்களுக்கு எத்தனை எண்ணுறதுக்குள்ள ஒரு மூச்சு வேணும்?" என்று தொந்தியப்பனிடம் கேட்டது.

தவளைக்குத் தொண்டை கட்டியிருந்தது. "இன்னிக்கு என்னால கத்த முடியாது. நாளைக்கு வந்து பக்கத்துல உட்காரு. நீயே எண்ணிக்கோ" என்றது.

பிறரைக் கொண்டு ஒரு காரியத்தை நடத்த நினைப்பவர், அவர்களுக்கு எங்கே மூச்சு வாங்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.