வாலும் நூலும்

மூங்கில் காட்டில் மேய்ந்த புள்ளிமான் கூட்டத்துக்குக் கருமுகன் என்ற குரங்குதான் காவல். புலியைக் கண்டால் மர உச்சியிலிருந்து கத்துவான். அது எல்லார் காதிலும் விழும். தலைவன் நெடுங்கொம்பன் வாலைத் தூக்குவான், கூட்டம் ஓடும். தலைவன் வால் எழுமுன் வேறெந்த மானும் வாலைத் தூக்கக் கூடாது, குரல் கொடுக்கவும் கூடாது என்பது அங்கே முறை. போன கோடையில் முந்திக்கொண்ட ஒரு பெண்மானை விரட்டிவிட்டார்கள். பிறகு அதன் எலும்புதான் கிடைத்தது.

அடுத்த காட்டில் எல்லாமே சிலந்தி நூலில் நடக்கிறது என்று நெடுங்கொம்பன் கேள்விப்பட்டான். காலம் மாறிவிட்டது, நாமும் மாறியாக வேண்டும் என்று முழங்கினான். சிலந்திகள் வந்து காடு முழுக்க நூல் கட்டின. புலி எங்கே கால் வைத்தாலும் நூல் துடிக்கும். அந்தத் துடிப்பை அறியும் நுட்பமான குளம்பு செம்புள்ளி என்ற தாய்மானுக்கு இருந்தது. நூல்களெல்லாம் வந்து சேரும் நூல்முனையில் அவளை நிறுத்தினார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கருமுகனைப் போகச் சொல்லிவிட்டார்கள். போகிற போக்கில் அவன் செம்புள்ளியிடம் நின்றான்.

"தாயி, நூல் உனக்குச் சொல்லும். நீ யாருக்குச் சொல்லுவே?"

"தலைவருக்குத்தான்."

"நான் கத்தினா உன் குட்டிக்கும் கேக்குமே."

வேலை போன வயிற்றெரிச்சல் என்று அவள் நினைத்தாள்.

ஒரு மாலை குளத்துப் பக்கத்து நூல் துடித்தது. அவள் குட்டி அங்கேதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. செம்புள்ளியின் வால் தானாக எழப் பார்த்தது. விரட்டப்பட்டவளின் நினைவு வந்தது. வாலை அடக்கி, வாயை அடக்கி, தலைவனைத் தேடி ஓடினாள்.

நெடுங்கொம்பன் மலைவரைக்கும் நூல் இழுப்பது பற்றிச் சிலந்திகளோடு பேசிக்கொண்டிருந்தான். இரண்டு கிழட்டு மான்கள் அவளை வழிமறித்தன. பேச்சு முடியட்டும் என்றது ஒன்று. எங்களிடம் சொல், நாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்கிறோம் என்றது மற்றது.

"புலி வருது பெரியவரே."

"நிச்சயமாத் தெரியுமா? தப்பாப் போனா யார் பதில் சொல்றது?"

அவள் இரண்டையும் முட்டித் தள்ளிவிட்டு நெடுங்கொம்பனிடம் போய்ச் சொன்னாள். தலைவன் வாலைத் தூக்கினான். கூட்டம் ஓடித் தப்பியது. குளக்கரையில் குட்டியின் கதை அதற்குள் முடிந்திருந்தது.

மறுநாள் விசாரணை நடந்தது. நூல் மெலிசு, இனித் தடித்த நூல் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. துக்கம் கேட்க வந்த தலைவனிடம் செம்புள்ளி மெல்லச் சொன்னாள்:

"நூல் சரியாத்தான் சொல்லுச்சு தலைவரே. நான்தான் குட்டியை விட்டுட்டு உங்களைத் தேடி ஓடினேன்."

பாவம், துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நெடுங்கொம்பன் மற்றவர்களிடம் சொன்னான். நூல்முனைக்கு வேறொருத்தியை, குட்டி இல்லாதவளாகப் பார்த்து நிறுத்தச் சொன்னான்.

வாய் திறக்கப் பயப்படும் கூட்டத்துக்கு எத்தனை புதிய கருவி வந்தாலும் காவல் ஆகாது.