மேசையின் இடது முனை

மீரான் பாயிடம் பாடம் கேட்கப் போனபோது டாக்டர் எப்சிபாவுக்கு நாற்பத்தொன்பது வயது. அவருக்கு நாற்பத்தொன்று.

அவருடையது மேலப்பாளையத்தில் ஒரு பழைய மரச்சாமான் கடை. முன்பக்கம் கட்டிலும் பீரோவும். பின்பக்கக் கொட்டகையில் கால் போனவை, கதவு போனவை.

எப்சிபா மஸ்கட்டில் இருபது வருடம் வேலை பார்த்தவள். அப்பா இறந்த பிறகு பாளையங்கோட்டை வீட்டுக்கே திரும்பிவிட்டாள். வீட்டுக்கு ஒரு பழைய அலமாரி வேண்டும் என்றுதான் முதலில் அங்கே போனாள். கண்ணில் பட்ட ஒன்றைக் காட்டி விலை கேட்டாள். அவர் தரவில்லை.

"இது பழசு இல்ல, டாக்டரம்மா. பழசு மாதிரி. வேற ஆளு கேட்டா கொடுத்துருவேன். உங்களுக்கு வேண்டாம்."

"எப்படித் தெரியும் பழசு இல்லைன்னு?"

அவர் பக்கத்தில் கிடந்த ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார்.

"தடவிப் பாருங்க."

அதன் பிறகு புதன்கிழமைதோறும் மத்தியானம் அவள் அங்கே இருந்தாள். அவர் அதிகம் பேசமாட்டார். இழுப்பறையை உருவிக் கையில் கொடுப்பார். அவள் அடிப்பலகையைத் தடவுவாள், முகர்ந்து பார்ப்பாள், தப்பாகச் சொல்வாள். அவர் அதை வாங்கி மறுபடி சொருகிவிடுவார்.

ஒருநாள் மட்டும் சொன்னார்: "எல்லாப் பக்கமும் ஒண்ணுபோலத் தேஞ்சிருந்தா, எவனோ உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கான்னு அர்த்தம். மனுசன் ஒரு பக்கமாத்தான் தேய்ப்பான்."

அன்றிலிருந்து அவரை வாத்தியாரே என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"எட்டு வயசு மூத்தவங்க வாத்தியார்னு கூப்பிட்டா எனக்கு நரைச்சிரும்லா?"

"ஏற்கெனவே நரைச்சாச்சு. மை அடிக்கிறது காதுக்கிட்டத் தெரியுது."

மீரான் தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவள் எதையும் தடவிப் பார்க்கவில்லை. ஸ்டீல் டம்ளரில் வந்த டீ ஆறிப்போனது.

"இன்னைக்கு ஒரு கேள்வி இருக்கு, வாத்தியாரே."

"கேளுங்க."

"அப்பா எங்க வீட்டு முன்னறையில உக்காந்து நாப்பது வருஷம் வைத்தியம் பாத்தாங்க. நானும் அதே அறையிலதான் போர்டு மாட்டினேன். முதல் மாசம் கேட்டு வரைக்கும் செருப்பு கிடந்துச்சு. ஜெபமணி டாக்டர் மக வந்திருக்கான்னு அத்தனை பேரு. இப்ப ஒரு நாளைக்கு மூணு பேரு வந்தா அதிகம். வாறவங்களும் தலைவலிங்காங்க, சீட்டை வாங்கிட்டுப் போயிருதாங்க. திரும்பி வாறதே இல்ல."

"ம்."

"அறையிலதான் ஏதோ கோளாறு. மேசை அப்பாவோடது. ஈட்டி மரம், நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். அதை அப்படியே வச்சிருக்கேன். நாற்காலி புதுசு, இந்தக் காலத்து மாடல். சுவர்ல எழுபதுகள்ல வந்த விளக்கு. மூணு காலமும் ஒரே அறையில சண்டை போடுது. ஒண்ணு, எல்லாத்தையும் அப்பா காலம் மாதிரி பழசாக்கணும். இல்லைன்னா மேசையை உள்ள தள்ளிட்டு, வெள்ளையா கண்ணாடி போட்டு ஒண்ணு வாங்கணும். எதுன்னு சொல்லுங்க."

"என்ன அவசரம்?"

"மஸ்கட்ல பழைய இடத்துலயே கூப்பிடுதாங்க. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இந்த அறை சரியாகலைன்னா நான் போயிருவேன். போனா இனி வரமாட்டேன், வீட்டையும் வித்துருவேன்."

மீரான் ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நாளைக்கு வாறேன்" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, முழுக்கை, மணிக்கட்டுப் பித்தான் போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். அங்கே வேறு செருப்பு இல்லை.

அறை விசாலமானது. அந்தக் காலத்தில் கம்பவுண்டர் நின்ற மூலையில் இப்போது ஒரு வெண்கலக் குத்துவிளக்கு நின்றது. அவர் எதையும் பார்க்காமல் நேராகப் போய், மேசைக்கு எதிரே கிடந்த குஷன் நாற்காலியில் உட்கார்ந்தார். சக்கரம் வைத்த நாற்காலி. ஒரு சாண் பின்னால் நகர்ந்து நின்றது.

"டாக்டரைப் பாக்க வந்திருக்கேன்."

அவள் சிரித்தாள். பிறகு, சரி, இதுவும் பாடம்தான் போல என்று நினைத்து மருந்துச்சீட்டை முன்னால் இழுத்தாள்.

"சொல்லுங்க பாய், என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. அசதி."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"தூக்கம் வருதா?"

"வரும்."

"பசி?"

"எடுக்கும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "வாத்தியாரே, விளையாடுதீங்களா?"

"நல்ல மேசை" என்றார் மீரான்.

எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். குனிந்து கால்களைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இடது பக்கம், மேசையின் முனைக்கு வந்ததும் நின்று, இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். அந்த இடத்தில் மட்டும் மரம் வெளுத்து, விளிம்பு மழுங்கி, லேசாகக் குழிந்திருந்தது.

"ஆமா, அந்த முனை மட்டும் கெட்டுப்போச்சு" என்றாள் எப்சிபா. "சனிக்கிழமை பாலிஷ்காரர் வாறார்."

"இங்க யாரு இருந்தா?"

"நோயாளிங்கதான். அப்பா இந்த இடத்துல ஒரு ஸ்டூல் போட்டிருப்பாங்க."

"ம்."

"வாறவங்க கையை இந்த முனையில வைப்பாங்க. அப்பா மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே பேசுவாங்க. உங்க பக்கம் மழை உண்டுமா, மகளுக்கு எங்கயாவது அமைஞ்சுதா, ஆடு குட்டி போட்டுதான்னு. நான் அந்த ஜன்னல் திட்டுல உக்காந்து வீட்டுக்கணக்குப் போடுவேன். அப்பா நாடியைத்தான் எண்ணுதாங்கன்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன்."

"எண்ணலையா?"

"கடிகாரத்தைப் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டு அவள் சற்று நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டூலு எங்க?"

"மொட்டைமாடியில கிடக்கு. மேல கத்தாழைத் தொட்டி வச்சிருக்கேன். பச்சைப் பெயின்ட் அடிச்ச இரும்பு ஸ்டூல் பாய், பழசுலயும் சேத்தி இல்ல, புதுசுலயும் சேத்தி இல்ல. அதோட, காய்ச்சலோட வாற மனுசனை முதுகு சாய இடமில்லாம உக்கார வைக்கிறது மரியாதையா? அதுக்குத்தான் இந்த நாற்காலி."

"மரியாதைதான்" என்றார் மீரான்.

குஷன் நாற்காலியை ஒரு கையால் உருட்டிக்கொண்டு வந்தார். மேசையின் இடது முனையில், அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வலது கையை முனையில் இருந்த குழிவில் வைத்தார்.



"ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல" என்றார். குரல் பாதியாகத் தாழ்ந்திருந்தது.

"எந்த விரல்?"

"மோதிர விரலும் சுண்டு விரலும். சூடான டீ கிளாஸைப் பிடிச்சிருக்கேன், கொப்புளம் வந்த பிறகுதான் தெரிஞ்சுது. ஏழு மாசம் ஆச்சு. மரத்தை இப்ப இடது கையாலதான் பாக்குதேன்."

"வேற?"

"முழங்கைக்கு மேல ஒரு வெளுப்பு. வீட்டுலயும் முழுக்கைச் சட்டைதான். வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. பிள்ளைகளைத் தூக்குதது இல்ல."

எப்சிபா எப்போது அவர் கையைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பித்தானைக் கழற்றிச் சட்டையை மேலே சுருட்டினாள். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினாள். நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. பஞ்சைத் திரித்து வெளுப்பின் மேல் தொட்டாள்.

"தெரியுதா?"

"தொட்டீங்களா?"

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"தொழுநோயாத்தான் இருக்கும், பாய். டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். பயப்படுத காலம்லாம் போச்சு. மாத்திரை இருக்கு. விடாமச் சாப்பிட்டா முழுசாக் குணமாகும். மாத்திரையை ஆரம்பிச்சிட்டா யாருக்கும் ஒட்டாது, பிள்ளைகளைத் தாராளமாத் தூக்கலாம்."

"விரலு?"

"போனது எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. மிச்ச எட்டும் போகாமப் பாத்துக்கிடலாம்."

மீரான் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அவள் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள். பித்தானைப் போட்டுவிட்டாள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"ஆறு மாசமா வாராவாரம் உங்க கடைக்கு வந்திருக்கேன். நான் டாக்டர்னு தெரியும். சொல்லல. சரி, கடையில நாலு பேரு வருவாங்க, போவாங்க, அது போகட்டும். இப்ப, பத்து நிமிஷத்துக்கு முன்னால, இதே அறையில, அந்தப் பக்கம் இருந்தப்ப கேட்டேனே? என்ன செய்யுதுன்னு நேராத்தானே கேட்டேன்? அசதின்னீங்களே!"

மீரான் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது.

"அப்ப நடுவுல மேசை இருந்துச்சுல்லா, டாக்டரம்மா" என்றார்.