மூன்று நாள் சரியாகச் சொன்ன நீர்க்காகம்

கோடையில் காடு வறண்டு, ஒரே ஒரு குளம்தான் மிச்சமிருந்தது. புள்ளிமான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அங்கே தண்ணீர் குடித்தன. புலிக்கும் அதே குளம்தானே!

காவலுக்கு ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. கரையைச் சுற்றி நடந்து, ஈர மண்ணில் தடம் தேடி, கோரைப்புல்லைக் கவனித்துவிட்டுத்தான் "வரலாம்" என்று குரல் கொடுக்கும். ஒருநாள் அது காட்டுப்பன்றியைப் புலி என்று நினைத்துக் கத்திவிட்டது. மான்கள் தாகத்தோடு ஓடின. தலைமை மானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவியை அன்றே விலக்கிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் சொல்பவருக்கே காவல் வேலை! பட்ட மரத்தில் சிறகு காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகம், "புலி இல்ல! குடிங்க!" என்றது. மூன்று நாளும் புலி வரவில்லை. வேலை அதற்குக் கிடைத்துவிட்டது.

நான்காம் நாள். "புலி இல்ல! குடிங்க!"

ஒரு தாய்மான் மட்டும் கரையிலேயே தயங்கி நின்றது. வெயிலில் அதன் குட்டிக்கு நாக்கு வெளியே தொங்கியது. குடிக்காமல் திரும்பினால் குட்டி தாங்காது. இறங்கினால்?

"அண்ணே, எதைப் பார்த்துச் சொல்றீங்க?"

"மூணு நாளும் சரியாத்தானே சொன்னேன்!"

"சரிதான் அண்ணே. ஆனா எதைப் பார்த்து?"

நீர்க்காகம் குளத்தை எட்டிப் பார்த்தது. பாவம், மூன்று நாளும் அதன் கண் கெளுத்தி மீன் மேல்தான் இருந்தது. "இதுக்குப் பார்க்க வேற வேணுமா? புலிதான் வர்றதில்லையே!" என்றது.

சற்றுத் தள்ளி நின்ற ஆள்காட்டிக் குருவியின் பக்கம் தாய்மான் திரும்பியது. "குருவியக்கா! நீங்க சொல்லுங்க!"

"என்னைத்தான் வேண்டாம்னுட்டீங்களே!" என்று முறைத்தாலும், குருவி கரையோரம் ஓடியது. "தடம் ஒண்ணும் இல்ல. ஆனா காத்தே அடிக்கல, அந்தக் கோரை மட்டும் அசையுது. புலியான்னு எனக்குத் தெரியல. இறங்காதீங்க!"

"மறுபடியும் பன்றியா!" என்று சிரித்தபடி தலைமை மான் முதலில் இறங்கியது. தாய்மான் குட்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டது. குட்டி அழுதது. தாய் நகரவில்லை.

கோரை பிளந்தது. புலி!

மான்கள் சிதறி ஓடின. தலைமை மான் திரும்பி வரவே இல்லை.

புலி இரையை இழுத்துக்கொண்டு மலையேறியது. குருவி கரையை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தது. பிறகுதான் "வரலாம்" என்றது. குட்டி வயிறு முட்டக் குடித்தது.

சொன்னது பலித்துவிட்டதாலேயே ஒருவருக்கு அது தெரியும் என்று ஆகிவிடாது. எப்படித் தெரிந்தது என்று கேட்டறிந்து நம்புவதே அறிவு.