பொன்னையா தெரிந்துகொள்ளப்பட்டவனா?

"அக்கா, எங்க அண்ணனைத் தேவன் தெரிந்துகொண்டாரா, ரட்சிப்புக்குன்னு தேர்ந்தெடுத்தாரா, இல்லையா? இன்னைக்கு எனக்குப் பதில் வேணும். அது கிடைக்காம இந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன்."

சிகாமணி ஆசிரமத்துச் சமையலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறிய கிறிஸ்தவ ஆசிரமத்தை நடத்திவந்தவர் ரத்தினபாய். சிகாமணியைவிட இளையவர். ஆனால் அவரிடம் வேதம் படிக்க வரும் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு என்ன?"

"குடிச்சுக் குடிச்சு ஈரல் போயிடுச்சு. அரசு ஆஸ்பத்திரியில கிடக்கான். என்னைப் பார்க்கணும்னு ஆள் விட்டிருக்கான்."

"ஆள் வந்தது எப்போ?"

"திங்கக்கிழமை."

அன்று வெள்ளிக்கிழமை. அக்கா அடுத்த காயை எடுத்தார்.

சிகாமணிதான் தொடர்ந்தான். "எத்தனை வருஷம் அவனுக்காக ஜெபம் பண்ணியிருக்கேன்! வீட்டுக்குப் போனா செருப்பைத் தூக்கி எறிவான். அண்ணியை அடிச்சே துரத்தினான். எங்க சபையில மூத்த போதகர் என்ன சொல்றார்னா, உலகம் உண்டாகிறதுக்கு முன்னாலேயே தேவன் தமக்கானவங்களைத் தெரிந்துகொண்டாராம். மனுஷன் கையில ஒண்ணுமே இல்லையாம். அப்படின்னா நான் போய் என்ன ஆகப்போகுது?"

"இன்னொரு போதகர் இருக்காரே, அவர்?"

"கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்குங்கிறார். யார் விசுவாசிப்பாங்கன்னு முன்னாலேயே அறிஞ்சு, அவங்களைத்தான் தேவன் தெரிந்துகொண்டாராம். அப்படிப் பார்த்தா தப்பு அவன்மேலதானே? உள்ளே வரமாட்டேன்னு அவனே நிக்கிறான். நான் போய் என்ன செய்ய?"

"ரெண்டு போதகருக்கும் பேச்சுவார்த்தை உண்டா?"

"முகம் கொடுத்துப் பேசுறதில்லை. சபையே ரெண்டா நிக்குது."

"ஆனா உங்களை மட்டும் ரெண்டு பேரும் ஒரே இடத்துல உட்கார வச்சிட்டாங்க."

சிகாமணிக்கு முகம் சிவந்தது. "நான் பதில் கேட்டு வந்தேன், அக்கா."

"நீங்க எப்படி சபைக்கு வந்தீங்க?"

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க."

"அப்பா செத்தப்புறம் நான் தறுதலையாச் சுத்திக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமையானா காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஓய்வுநாள் பள்ளியில தள்ளிடுவான். நான் ஓடிடக் கூடாதுன்னு வாசல்லயே பீடி குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பான்."

"யாரு?"

"அண்ணன்தான்."

"அவர் உள்ளே வரமாட்டாரா?"

"ஒரு நாளும் வந்ததில்லை."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது சிகாமணியின் காதில் விழுந்தது.

அக்கா அரிவாள்மணையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கையைக் கழுவினார். செருப்பை மாட்டினார்.

"வாங்க, பஸ் வந்துடும்."

வார்டில் கடைசிக் கட்டில். பொன்னையாவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிறு ஊதியிருந்தது. தம்பியை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"ஜெபம் பண்ணவா வந்தே?"

சிகாமணி கட்டிலை நெருங்கி நின்றான்.

"இல்லண்ணே. உன்னைப் பார்க்க வந்தேன்."

பொன்னையா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

நர்ஸ் மாற்று விரிப்போடு வந்தாள். "இவருக்குன்னு ஒருத்தரும் இல்லைன்னு நினைச்சோம். நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"அப்போ கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. விரிப்பு நனைஞ்சு கிடக்கு, முதுகெல்லாம் புண்ணு."

அக்கா அதற்குள் கால்மாட்டுக்குப் போயிருந்தார். சிகாமணி அவர் பக்கமாகக் குனிந்தான். அண்ணனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. இவன் தெரிந்துகொள்ளப்பட்டவனா?"

"எனக்குத் தெரியாது. நீங்க தோளைப் பிடிங்க."