ராஜா வீசிய வெள்ளைத் துண்டு

முன்னொரு காலத்தில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலுமாக இருந்த குன்றுதுறை என்ற நாட்டை அலைவீரன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் வேறொன்று சொல்வான். நாக்கு மட்டும் மீன் குழம்பில் நிலையாக நிற்கும்.

மலையடிவாரத்தில் பெரிய குளம் ஒன்று இருந்தது. சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், யாராவது ஒரு பெரிய மனிதர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசினால் போதும், ஊரே கூடையோடு குளத்துக்குள் குதித்துவிடும். அதன்பிறகு யாரும் தடுக்க முடியாது. அன்று பிடிக்கும் மீனைக் கருவாடாக்கித்தான் மழை வரும்வரை அந்த ஊர் சாப்பிட்டது.

அந்த ஊர் ஆராயி வைத்த விரால் குழம்பை ஒருநாள் ராஜா சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அரண்மனைத் துதிபாடி அமிர்தகண்டரிடம், "கண்டரே, உம்ம புகழ்ச்சியைவிட இது ருசிய்யா!" என்று சொல்லிவிட்டான். கண்டருக்கு வயிறு எரிந்தது. காலமெல்லாம் புகழ்ந்தே வயிறு வளர்த்த மனுஷன் இல்லையா!

"மன்னா, இவ்வளவு ருசியான மீனை ஊரார் அள்ளித் தின்பதா? எல்லாம் தங்களுக்கே சேரட்டும்" என்று ஓதினார். ராஜாவும் தலையாட்டினான். கண்டர் தன் கையாலேயே உத்தரவு எழுதினார்: 'மன்னரின் திருக்கரம் அசையும்வரை குளத்தில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது.'

ஊர் திகைத்துப் போனது. இன்னும் பத்து நாளில் குளம் சேறாகிவிடும், மீனெல்லாம் செத்து நாறும், பிள்ளைகுட்டிகள் பட்டினி கிடக்கும். ஆராயி மட்டும் அழவில்லை. "கூடையை எடுத்துக்கிட்டு எல்லாரும் கரைக்கு வாங்க" என்றாள். பிறகு அரண்மனைக்குப் போய், "மகராசா, கரையிலயே அடுப்பு மூட்டி, மிச்சமிருக்கிற கருவாட்டுல குழம்பு வைக்கிறேன், வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டாள். ராஜா பல்லக்குக்குக்கூடக் காத்திருக்கவில்லை, நடந்தே வந்துவிட்டான்.

குழம்பில் அன்று ஒரு பிடி காந்தாரி மிளகாய் கூடுதல். மலையில் விளைவது, பார்க்கத்தான் பொடிசு. ராஜா ஆசையாக நாலு வாய் அள்ளிப் போட்டான்.

"ஸ்ஸ்ஸ்... ஆ! அய்யோ! செத்தேன்!"

கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். துள்ளி எழுந்தவன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து வாய்க்கு நேரே வீசு வீசென்று வீசினான்.

"ராசா துண்டை வீசிட்டாரு, இறங்குங்கடா!" என்று ஆராயி கத்தினாள். தொபுக்கென்று ஊரே குளத்தில்!

"பிடியுங்கள் அந்தப் பொம்பளையை!" என்று கண்டர் குதித்தார்.

ஆராயி ராஜாவுக்கு ஒரு சொம்பு மோரைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். "சாமி, திருக்கரம் அசையிற வரைக்கும்னுதானே உத்தரவு? அசைஞ்சுதா இல்லையா, நீங்களே சொல்லுங்க. பசிக்கு முன்னால எனக்கு வேற வழி தெரியலை."

மோரைக் குடித்து முடித்த ராஜா கண்டரைப் பார்த்தான். "காரத்துக்கு அசைந்தால் செல்லாதுன்னு எழுதினீரா?"

"இல்லை மன்னா..."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "ஆராயி, நீ கெட்டிக்காரிதான்! இனி எந்த வருஷமும் இந்தக் குளம் ஊருக்குத்தான். எனக்கும் ரெண்டு விரால் கொடு."

"கரையில நிக்கிறவங்களுக்குப் பங்கு கிடையாது மகராசா. அது ஊர்க் கட்டுப்பாடு."

அவ்வளவுதான். ராஜா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டான். ராஜா இறங்கினால் கண்டர் சும்மா நிற்பாரா? பட்டுச் சால்வையோடு தொப்பென்று குதித்து, கலங்கிய தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினார்.

"பிடிச்சுட்டேன் மன்னா! பெரிய விரால்! வழுக்குது, ஆனாலும் விடமாட்டேன்!"

ராஜா தடுமாறிப் பக்கத்தில் நின்றவன் தோளைப் பற்றிக்கொண்டு கத்தினான்:

"விடும் ஓய்! தண்ணிக்குள்ளேயும் என் காலைத்தான் பிடிப்பீரா?"