கடைசியாக வந்த ரெக்டர்

முன்னொரு காலத்தில் வேங்கைப்பட்டணத்தைச் சொக்கபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதி. புதுசாக ஒரு பட்டப்பெயர் காதில் விழுந்துவிட்டால், அதை யார் தலையிலாவது கட்டும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

கடல் தாண்டி வந்த பாதிரியார் ஒருவர் சபையில் பேசிக்கொண்டிருந்தார். தங்கள் தேசங்களில் பெரிய பள்ளிகளின் தலைவருக்கு ரெக்டர் என்று பெயர், லத்தீன் என்கிற பழைய பாஷையில் வழிநடத்துகிறவர் என்று அர்த்தம், பாஷைக்குப் பாஷை உச்சரிப்பு மாறினாலும் மரியாதை மாறாது என்றார். ஓர் ஊரில் படிக்கிற பிள்ளைகளே தங்களில் ஒருவரை ரெக்டர் ஆக்கிக்கொண்டார்கள் என்றும் சொன்னார். அதை யார் கேட்டது? ராஜாதான் ‘ரெக்டர், ரெக்டர்’ என்று வெற்றிலை போல மென்றுகொண்டிருந்தாரே.

மறுநாளே கோதண்டப் பிரதானி வந்து நின்றார். பத்து விரலுக்கும் மோதிரம் போட்ட மனுஷர். அடுத்தவருக்கு ஒரு மாலை விழுந்தால் இவருக்கு ஒரு வாரம் வயிறு எரியும். வேங்கைப்பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தன்னையே ரெக்டர் ஆக்கவேண்டும், ரெக்டருக்குத் தக்க மாளிகை வேண்டுமென்பதால் அந்தக் கட்டடத்தையே தனக்கு விடவேண்டும், பிள்ளைகள் வீட்டில் இருந்து படிக்கட்டும், வாத்தியார் வேறு ஊர் பார்க்கட்டும் என்றார். ராஜாவும் பட்ட மோகத்தில் தலையை ஆட்டிவிட்டார்.

ராஜாவின் ஓலையைப் பள்ளிக்கூடத்துச் சாத்தப்ப வாத்தியார் இரண்டு தடவை படித்தார். எண்பது பிள்ளைகள். எண்ணெய் வாணியர் மகள் முதல் வண்டிக்காரர் பிள்ளை வரை. வீட்டில் இருந்து படிப்பதாவது, மாடு மேய்க்கத்தான் போகும். பிரதானியோ பிள்ளையாக இருந்தபோதும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், வீட்டுக்கே ஆள் வரவழைத்து அரைகுறையாகப் படித்தவர். அதை நினைத்ததும் வாத்தியாருக்கு ஒரு குறும்பு தோன்றியது. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நேரே சபைக்குப் போனார்.

“மகாராஜா, பிரதானி தாராளமாக வரட்டும். ஒன்றே ஒன்று. வாசலைத் தாண்டி ஆசனத்தில் உட்காரும்வரை எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம் நடக்கவேண்டும்.”

ராஜா அந்தப் பள்ளிக்கூடத்திலேதான், இந்த வாத்தியாரின் அப்பாவிடம், படித்தவர். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. பிரதானியைப் பார்த்து, சம்மதமா என்றார். ஆரத்தியும் பூரணகும்பமும்தான் வழக்கமாக்கும் என்று நினைத்த பிரதானி, ஒரு வழக்கம் என்ன, ஒன்பது நடக்கட்டும் என்று மீசையைத் தடவினார். முடியாவிட்டால் பட்டம் கிடையாது என்று ராஜா சொல்லிவிட்டார்.

அந்த வழக்கம் இதுதான். காலையில் முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சந்தனத்தால் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தால் பூஜ்யம் போல ஒரு சுழி, பாராட்டும் கிடையாது, அடியும் கிடையாது. மூன்றாவது பிள்ளைக்குப் பிரம்பால் ஒரு தட்டு, நான்காவதுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். பிள்ளைகளுக்குத் தட்டுவது ஈ விரட்டுகிற மாதிரிதான். பெரியவர்களுக்கு எப்படி என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

குறித்த நாளில் கோழி கூவுமுன் வாத்தியார் கதவைத் திறக்கப் போனார். வாசலில் யாரோ முக்காடு போட்டுக் குந்தியிருந்தார்கள். முக்காடு விலகியதும் வாத்தியாரின் சாவிக்கொத்து கீழே விழுந்தது. ராஜா.

“சத்தம் போடாதேயும்,” என்றார் ராஜா. “எட்டு வருஷம் உமது அப்பாவிடம் படித்தேன். ஒருநாள்கூட முதலில் வந்ததில்லை. எழுதும்.”

வாத்தியார் எழுதினார். ராஜா அந்தக் கையை மூடவே இல்லை, பிள்ளைகள் எழுதிப் பழகுகிற மணலில் போய் முக்காட்டோடு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்து சுற்றி உட்கார்ந்தன.

பிரதானி நிதானமாகக் குளித்து, பல்லக்கு ஏறி, கொம்பு ஊதி, நாலு வீதியும் சுற்றி வந்து சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. வாத்தியார் வாசலில் பிரம்போடு நின்றார்.

“எண்பத்திரண்டாவது ஆள். எண்பது அடி. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், பிரம்பு முறிந்துவிடும்.”

பிரதானிக்கு முகம் கறுத்தது. ரெக்டரை அடிப்பதா என்று குதித்தார். உட்கார்ந்த பிறகுதான் ரெக்டர், அதுவரைக்கும் தாமதமாக வந்த பிள்ளை என்று வாத்தியார் பணிவாகவே சொன்னார். வழக்கத்துக்குத் தலையாட்டியாகிவிட்டது, தெருவே கூடிவிட்டது, என்ன செய்வார்? கையை நீட்டினார். ஈ விரட்டுகிற தட்டு இல்லை அது. ஒன்பதாவது அடியில் பிரதானிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

“நிறுத்தும். எனக்குப் பின்னால்தானே பட்டம் கட்ட ராஜாவும் வருவார்? அவரையும் அடிப்பீரா? அடிப்பேன் என்று சொல்லிப்பாரும், தலை இருக்கிறதா பார்க்கலாம்.”

மணலிலிருந்து ஒருவர் எழுந்து, முக்காட்டை விலக்கி, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, சந்தனக் கையை விரித்துக் காட்டினார்.

“நான் எப்போதோ வந்துவிட்டேன், பிரதானி. பாக்கி எழுபத்தொன்று. ரெக்டர் என்றால் இனி தினமும் வரவேண்டும், தெரியுமோ?”

பிரதானி இறங்கின பல்லக்கில் ஏறவும் மறந்து நடந்தே வீடு போனார். கட்டடம் பள்ளிக்கே என்று ராஜா அங்கேயே சாசனம் எழுதி, தன் முத்துமாலையைக் கழற்றி வாத்தியார் கழுத்தில் போட்டார். ரெக்டர் பட்டமும் உமக்கே என்றார்.

வாத்தியார் பட்டம் மட்டும் வேண்டாம் என்றார். “பாதிரியார் சொன்னாரே மகாராஜா, பிள்ளைகளே அதை வைத்துக்கொண்ட ஊர் உண்டென்று. இங்கேயும் காலையில் யார் முதலில் வருகிறார்களோ, அன்றைக்கு அவர்கள் ரெக்டர்.”

எண்பது பிள்ளைகளும் ஹோவென்று கத்தின. ராஜாவுக்கும் அது பிடித்துப்போயிற்று, கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போயிற்று. மறுநாள் இருட்டோடு முக்காடு போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். எண்ணெய் வாணியர் மகள் பொன்னுருவி படியில் உட்கார்ந்து, இவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று சபையில் ராஜா வலது கையை மடியை விட்டு எடுக்கவே இல்லை. ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. உள்ளங்கை நிறைய, வட்டமாக, ஒரு சுழி.